துன்ப நாளில் 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்வது பொய்யாகுமா?



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியமிக்க அல்லாஹ்வின் நல்லடியார்களே! பெரியோர்களே! இளைஞர்களே! வீட்டிலிருந்து இதை வாசிக்கும் தாய்மார்களே!

ஒரு முஃமினின் நாவில் ஒரு நாளில் அதிகம் வரும் சொற்களில் ஒன்று 'அல்ஹம்துலில்லாஹ்'. தூங்கி எழுந்தால் சொல்கிறோம். சாப்பிட்டு முடித்தால் சொல்கிறோம். தும்மினால் சொல்கிறோம். ஐவேளை ஃபர்ளான தொழுகைகளில் மட்டும் 17 ரக்அத்கள் இருக்கின்றன. அவற்றில் ஓதப்படும் அல்ஹம்து சூரா தொடங்குவதே இந்தச் சொல்லைக் கொண்டுதான். கல்யாண வீட்டிலிருந்து வந்து தொழுதாலும் அதே அல்ஹம்துதான். மையித்தை அடக்கிவிட்டு வந்து தொழுதாலும் அதே அல்ஹம்துதான். இன்று மனது சரியில்லை என்பதற்காக அந்த சூராவை விட்டுவிட்டுத் தொழ மார்க்கத்தில் அனுமதி இல்லை.

இதை நாம் எத்தனையோ ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். ஆனால் ஏன் என்று யோசித்ததில்லை. துன்பப்படுகிறவன் நாவிலும் அல்லாஹ் ஏன் அதே சொல்லை வைத்தான்?

ஒரு சகோதரரின் கேள்வி

இஷாவுக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். மானாவாரியில் கடலை போட்டிருந்தார். பூ விடும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. கடன் வாங்கி போர் போட்டார். ஆயிரம் அடி போயும் புழுதிதான் வந்தது. வீட்டில் இருந்த நகை அடகில் இருக்கிறது. ஊரில் வேலை இல்லாமல் மகன் பெங்களூருக்குப் போய்விட்டான். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"ஹஜ்ரத்! யார் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாலும் அல்ஹம்துலில்லாஹ்ன்னு சொல்லிடறேன். ஆனா உள்ளே அப்படி இல்லை. தொழுகையில அதையே சொல்லும்போது அல்லாஹ்கிட்டயே பொய் சொல்ற மாதிரி இருக்குது. இது நயவஞ்சகம் ஆயிடுமா?"

நல்லடியார்களே! இது ஈமான் குறைந்தவர் கேட்கும் கேள்வி அல்ல. அல்லாஹ்விடம் பொய் சொல்லிவிடக் கூடாதே என்று அஞ்சுகிறவர் கேட்கும் கேள்வி. "அப்படியெல்லாம் நினைக்காதீங்க பாய், பொறுமையா இருங்க" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டால் அது பதில் ஆகாது. அவரைப் போல நம்மில் எத்தனையோ பேர் வாய்திறந்து கேட்காமல் இதே பாரத்தோடு ஸஃப்பில் நிற்கிறார்கள். ஆகவே இன்றைய பயானில் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடப் போகிறோம்.

ஹம்து வேறு, ஷுக்ர் வேறு

அரபு மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ஹம்து. இன்னொன்று ஷுக்ர். தமிழில் இரண்டையும் நன்றி என்றே பேசிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

உலமாக்கள் இவ்விரண்டையும் பிரித்து விளக்குகிறார்கள். ஷுக்ர் என்பது கிடைத்த ஓர் உபகாரத்துக்குப் பதிலாகச் செய்வது. அதை உள்ளத்தாலும் செய்யலாம், நாவாலும் செய்யலாம், உறுப்புகளாலும் செய்யலாம். ஹம்து என்பது புகழ்வது. புகழப்படுபவன் எனக்கு இன்று ஏதாவது கொடுத்தானா என்பது அதற்கு நிபந்தனை இல்லை. அவன் புகழுக்குரியவன் என்பதே போதும்.

'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம்? புகழ் அல்லாஹ்வுக்கு உரியது என்கிறோம். என் நாள் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. என் கடன் அடைந்துவிட்டது என்று சொல்லவில்லை. எனக்கு வலிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என்னைப் பற்றியதே அல்ல. என் ரப்பைப் பற்றியது.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நாகமரையில் போய் நின்றால் மேட்டூர் அணையின் தண்ணீர் தெரியும். அணையின் நீர்மட்டம் இன்று எவ்வளவு என்று தினமும் செய்தித்தாளில் போடுகிறார்கள். சில ஆண்டுகளில் 120 அடியும் நிறைந்து கடல் போல் இருக்கும். சில ஆண்டுகளில் வற்றி, மாடு மேயும் தரையாகிவிடும். மட்டம் இறங்கிவிட்டது என்பதற்காக அது காவிரி இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஏறுவதும் இறங்குவதும் மட்டம்தான். நம் வாழ்க்கைக்கும் மட்டம் உண்டு. அது ஏறும், இறங்கும். அல்லாஹ் புகழுக்குரியவன் என்ற உண்மைக்கு மட்டம் கிடையாது.

பெருமானார் (ஸல்) அவர்கள் தமக்குப் பிடித்தமான ஒன்றைக் கண்டால் அல்லாஹ்வின் அருளைச் சொல்லிப் புகழ்வார்கள். பிடிக்காத ஒன்றைக் கண்டால் எல்லா நிலையிலும் அல்லாஹ்வுக்கே புகழ் என்பார்கள் என்று இப்னு மாஜாவில் ஹதீஸ் வருகிறது. கவனியுங்கள். இரண்டு நிலைக்கும் இரண்டு விதமான வார்த்தைகள். துன்பத்தைப் பார்த்து, இது இன்பம் என்று சொல்ல நபிகளார் கற்றுத்தரவில்லை. நிலை மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே புகழ்வதைக் கற்றுத்தந்தார்கள்.

ஆகவே அந்தச் சகோதரருக்கு முதல் பதில் இதுதான்: கண்ணில் நீரோடு சொன்ன அல்ஹம்துலில்லாஹ் பொய் அல்ல. ஒருவேளை அதுதான் நாம் சொன்னதிலேயே உண்மையான அல்ஹம்துலில்லாஹ்வாக இருக்கலாம். வயிறு நிறைந்தபின் சொல்வதில் வயிற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒன்றும் கையில் இல்லாதபோது சொல்வதில் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருக்கும் பங்கு இல்லை.

வலிக்கிறது என்று சொல்வது குற்றமா?

நன்றியுள்ள அடியான் என்றால் முகம் சுளிக்காதவன், அழாதவன், குறை ஏதும் சொல்லாதவன் என்று ஒரு எண்ணம் நமக்குள் இருக்கிறது. குர்ஆன் காட்டும் நபிமார்கள் அப்படி இருக்கவில்லை.

யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூசுஃபை இழந்த துக்கத்தில் அழுது அழுது கண்கள் வெளுத்துப் போனதாக அல்லாஹ் சூரா யூசுஃபில் சொல்கிறான். பிள்ளைகள் கடிந்துகொண்டபோது, என் துயரத்தையும் கவலையையும் நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். முறையீடு இருந்தது. ஆனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போனது.

அய்யூப் (அலை) அவர்களின் துஆவைப் பாருங்கள். 21-வது அத்தியாயமான சூரா அன்பியாவில் வருகிறது. மிகச் சிறிய துஆ. அதில் இரண்டே விஷயங்கள்: எனக்குத் துன்பம் வந்துவிட்டது, நீயோ கருணையாளர்களுக்கெல்லாம் கருணையாளன். முதல் பாதி வலி. இரண்டாம் பாதி புகழ். ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார்கள். வலியை மறைத்துப் புகழவில்லை. வலியால் புகழை விட்டுவிடவும் இல்லை. இப்படி வாய்விட்டுச் சொன்ன அந்த நபியைத்தான் அல்லாஹ் 38-வது அத்தியாயத்தில் பொறுமையாளர் என்றும் சிறந்த அடியார் என்றும் பாராட்டுகிறான்.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் ஹிஜ்ரி 10-ல் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். கடைசி மூச்சு விடும் பிள்ளையைக் கையில் வைத்திருந்த நபிகளாரின் கண்கள் நனைந்தன. நீங்களுமா அழுகிறீர்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வியந்து கேட்டார்கள். இது கருணை என்று நபிகளார் விளக்கினார்கள். கண் அழும், நெஞ்சு வருந்தும், ஆனால் ரப்புக்குப் பிடிக்காததை நாவு சொல்லாது என்பதுதான் அவர்கள் அன்று காட்டித்தந்த பாடம்.

கண்ணுக்கு அழ அனுமதி. நெஞ்சுக்கு வருந்த அனுமதி. நாவுக்கு மட்டும் ஒரு வரம்பு. நாம் என்ன செய்கிறோம்? அழுகையை அடக்கச் சொல்லி ஆண் பிள்ளைகளை வளர்க்கிறோம். நாவை அவிழ்த்து விட்டுவிடுகிறோம்.

உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்)

தாபியீன்களில் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் பெரிய அறிஞர். தந்தை ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி). தாய் அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி). சிற்றன்னை நம் அன்னை ஆயிஷா (ரலி). மதீனாவின் ஏழு ஃபுகஹாக்களில் ஒருவர். அன்னை ஆயிஷா அறிவித்த ஏராளமான ஹதீஸ்கள் இவர் வழியாகத்தான் நம்மை வந்தடைந்திருக்கின்றன.

கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக்கைக் காண அவர்கள் ஷாம் தேசம் போனார்கள். பயணத்தில் காலில் அழுகல் நோய் கண்டது. காலை எடுக்காவிட்டால் உடலெங்கும் பரவிவிடும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இரம்பத்தால் காலை அறுத்து எடுத்தார்கள். அதே பயணத்தில், உடன் வந்த மகன் கால்நடைகளின் கொட்டடிக்குள் போனபோது மிதிபட்டு இறந்தார். ஒரு பயணம். ஒரு கால் போனது. ஒரு மகன் போனார்.

அப்போது அவர்கள் அல்லாஹ்விடம் பேசியதை வரலாற்று ஆசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் கருத்து இது: எனக்கு ஏழு மகன்கள் இருந்தார்கள், ஒருவரை எடுத்தாய், ஆறு பேரை விட்டு வைத்திருக்கிறாய். எனக்குக் கை கால்கள் நான்கு இருந்தன. ஒன்றை எடுத்தாய், மூன்றை விட்டு வைத்திருக்கிறாய். எடுத்தவனும் நீதான், முன்பு கொடுத்தவனும் நீதான்.

மிம்பர்களில் இதுவரைக்கும் சொல்வோம். இதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர் திரும்பும் வழியில், மூஸா (அலை) அவர்கள் தம் பயணக் களைப்பைப் பற்றிச் சொன்னதாக சூரா கஹ்ஃபில் வரும் வார்த்தைகளை உர்வா (ரஹ்) அவர்கள் ஓதினார்கள். இந்தப் பயணத்தில் நாங்கள் மிகவும் களைத்துவிட்டோம் என்பது அதன் கருத்து. ஆக, களைப்பையும் சொன்னார்கள். புகழையும் சொன்னார்கள். அய்யூப் (அலை) அவர்களின் துஆவில் பார்த்த அதே இரண்டு பாதிகள்.

யாரோடு ஒப்பிடுவது?

நன்றியுணர்வு வர வேண்டுமானால் உனக்குக் கீழே இருப்பவனைப் பார் என்று சொல்வார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அந்தக் கருத்தில் ஹதீஸ் இருப்பது உண்மைதான். ஆனால் அதை நாம் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது.

கால் இல்லாதவரைப் பார்த்து, நல்லவேளை எனக்குக் கால் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம். அப்படியானால் கால் இல்லாத அவர் யாரைப் பார்த்து நன்றி சொல்வது? கண் இல்லாதவரையா? கண்ணும் இல்லாதவர் யாரைப் பார்ப்பது? அடுத்தவன் துன்பத்தை நமக்கு ஆறுதல் மருந்தாக ஆக்கிக்கொள்வதா மார்க்கம்?

அந்த ஹதீஸின் நோக்கம் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது: அல்லாஹ் உங்களுக்குச் செய்த அருளை அற்பமாக எண்ணாமல் இருப்பதற்கு அதுவே ஏற்றது என்கிறார்கள் நாயகம் (ஸல்). நோக்கம் என்னிடம் இருப்பதைச் சரியாக எடை போடுவது. அவரிடம் இல்லாததை எண்ணி மகிழ்வது அல்ல. கீழே பார்க்கச் சொன்ன மார்க்கம்தான், கீழே இருப்பவருக்குக் கை நீட்டவும் கட்டளையிடுகிறது. கீழே பார்த்துவிட்டு, நிம்மதியாக அப்படியே கடந்து போய்விட்டால் நாம் ஹதீஸில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

கால் இழந்த உர்வா (ரஹ்) அவர்கள் தம்மைவிட மோசமானவரைத் தேடிப் போகவில்லை. தமக்குக் கொடுக்கப்பட்டதைக் கணக்குப் பார்த்தார்கள். கொடுத்தவன் யார் என்று பார்த்தார்கள். இந்தக் கணக்கை யாரும், எந்த நிலையிலும் பார்க்க முடியும்.

நம் ஊர்த் தண்ணீர்

இந்தக் கணக்கை நாமும் பார்ப்போம். தூரத்தில் போக வேண்டாம். வீட்டில் சொம்பில் இருக்கும் தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

சூரா வாகிஆவில் அல்லாஹ் நாம் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறான். மேகத்திலிருந்து அதை இறக்கியது நீங்களா, நாமா என்று கேட்கிறான். நாம் நாடினால் அதைக் குடிக்க முடியாதபடி உவர்ப்பாக்கிவிடுவோம், ஏன் நன்றி செலுத்தாமல் இருக்கிறீர்கள் என்ற பொருளில் அந்த வசனம் முடிகிறது. தண்ணீர் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை தருமபுரி மாவட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாம் அதை உடம்பிலேயே பார்த்தவர்கள்.

நம் மண்ணுக்கு அடியில் உள்ள பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் பல கிணறுகளிலும் போர்களிலும் அந்த அளவைத் தாண்டியிருந்தது. பார்க்கத் தெளிந்த தண்ணீர்தான். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. காய்ச்சினாலும் போகாது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் குடித்த பெரியவர்களுக்கு மூட்டு இறுகியது, எலும்பு வலித்தது, சிலருக்கு முதுகு வளைந்தது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக வந்தது இந்த நோயைத் தடுப்பதற்காகத்தான். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவில் உருவான திட்டம். 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல் திறந்துவைத்தார்கள். காவிரியில் நீரை எடுத்து, சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, குழாயில் ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

இன்று அந்தக் குழாயில் தண்ணீர் ஒரு நாள் வரவில்லை என்றால் நமக்குத் தெரிகிறது. வரும் நாட்களில் வருவது தெரிவதில்லை. நிஃமத்தின் குணமே இதுதான். இருக்கும்போது சத்தம் போடாது. போகும்போதுதான் சத்தம் கேட்கும். துன்ப நாளில் நம் கண்ணுக்குப் படுவது போன ஒன்று. படாமல் இருப்பது போகாத நூறு. கடலை காய்ந்த அன்றும் மூச்சு வந்து போனது. நகை அடகுக்குப் போன அன்றும் குடிக்க நல்ல தண்ணீர் இருந்தது. இதைச் சொல்வது இழப்பைச் சிறிதாக்குவதற்கு அல்ல. கடலை போனது போனதுதான். ஆனால் கணக்கு எழுதும்போது செலவுப் பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது.

ஷுக்ர் என்பது வேலை

ஹம்து நாவின் புகழ் என்று பார்த்தோம். ஷுக்ர் அதோடு நிற்பதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் பொறுமையையும் நன்றியையும் ஒரே பாடத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஷுக்ர் என்பது மூன்று சேர்ந்தது என்கிறார்கள்: அறிவு, உள்ளத்தின் நிலை, செயல். இது அல்லாஹ் தந்தது என்று அறிவது. அதனால் அவன் மீது மகிழ்ச்சி கொள்வது. அவன் தந்ததை அவனுக்குப் பிடித்த வழியில் பயன்படுத்துவது.

சூரா ஸபஃவில் தாவூத் (அலை) அவர்களின் குடும்பத்தாருக்கு அல்லாஹ் இட்ட கட்டளை கவனிக்கத்தக்கது. நன்றி சொல்லுங்கள் என்று அங்கே வரவில்லை. நன்றியாகச் செயல்படுங்கள் என்ற பொருளில் வருகிறது. கால்கள் வீங்கும் அளவுக்கு நாயகம் (ஸல்) இரவில் நின்று தொழுததற்கும், தாம் நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்றுதான் காரணம் சொன்னார்கள். நன்றி அந்தக் கால்களில் இருந்தது.

இதில் துன்பப்படுகிறவருக்குப் பெரிய விடுதலை இருக்கிறது. உள்ளத்தின் நிலை நம் கையில் இல்லாத நாட்கள் உண்டு. மகிழ்ச்சியாக உணர் என்று நெஞ்சுக்குக் கட்டளையிட முடியாது. ஆனால் செயல் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. உணர்வு வராத நாளில் செயலிலிருந்து தொடங்கலாம். ஒளூச் செய்யும்போது குழாயைச் சிறிதாகத் திறக்கலாம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில், அதாவது மிகக் குறைந்த நீரில், ஒளூச் செய்தார்கள். தண்ணீருக்கு ஷுக்ர் என்றால் அதுதான் ஷுக்ர். அதற்குச் சந்தோஷமான மனநிலை தேவையில்லை. கை இருந்தால் போதும்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. நம் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் பெயர் நமக்குத் தெரியுமா? வராத அன்று அவரைத் தேடிப் போகிறோம். வந்த அன்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா? மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. டெல்டாவில் நெல் விளைவதற்காக இங்கே ஊர்கள் தண்ணீருக்குள் போயின. அணை வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் நந்தி சிலையும் வெளியே தெரிவதைப் பார்க்கிறோம். அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். வீட்டையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்துப் போனார்கள். நம் தட்டில் இருக்கும் ஒரு பிடி சோற்றுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனை பேரின் இழப்பு இருக்கிறது! அவர்கள் எந்த மதத்தவர் என்பதை வைத்து நம் நன்றிக்கடன் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

நன்றி வாயை அடைக்கும் பூட்டு அல்ல

கண்ணியமானவர்களே! இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது: நன்றியோடு இருப்பது என்றால் உரிமையைக் கேட்காமல் இருப்பது என்று பொருள் இல்லை. தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கிராம சபையில் எழுந்து கேட்பது நன்றிகேடு ஆகாது. கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டால் நியாயமாகக் கேட்பது பொறுமையின்மை ஆகாது. ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துக்கொண்டு, இதுவும் அல்லாஹ் கொடுத்தது என்று எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் இன்று நமக்குக் காவிரித் தண்ணீர் வந்திருக்காது. நிஃமத்தைக் காப்பதற்காகக் குரல் கொடுப்பதும் ஷுக்ரில் சேரும்.

இரண்டாவது: 'அல்ஹம்துலில்லாஹ்' நாம் நம் துன்பத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை. அடுத்தவர் துன்பத்தில் அவர் வாயில் திணிக்க வேண்டிய வார்த்தை அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறதே, அல்ஹம்துலில்லாஹ் சொல் என்கிறார்கள். உர்வா (ரஹ்) அவர்கள் அதைத் தாமாகச் சொன்னார்கள். அடுத்தவர் சொல்லிச் சொல்லவில்லை. அதுதான் வித்தியாசம்.

நபிகளார் என்ன செய்தார்கள்? ஹிஜ்ரி 8-ல் முஃதா போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) ஷஹீதானார்கள். செய்தி வந்ததும், ஜஅஃபரின் குடும்பத்தாருக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள், அவர்கள் வேறு எதையும் கவனிக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர் நன்றியோடு இருக்கிறாரா என்று பரிசோதிப்பது நம் வேலை அல்ல. அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. நாம் கொண்டுபோகும் அந்தச் சோறு, அவர் பின்னால் தானாக அல்ஹம்துலில்லாஹ் சொல்வதற்கு ஒரு காரணமாக ஆகலாம்.

மோசமான நாளுக்கு மூன்று அமல்கள்

பெரிய காரியங்களைச் சொல்லப் போவதில்லை. துன்ப நாளில் பெரிய காரியம் செய்யத் தெம்பு இருக்காது.

ஒன்று: அய்யூப் (அலை) அவர்களைப் போல துஆவை இரண்டு பாதியாகச் செய்யுங்கள். முதலில் வலியை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் சொந்த பாஷையில் சொல்லுங்கள். கடன் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதை அவன் விரும்புகிறான். பிறகு அவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லுங்கள். இரண்டில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு: படுக்கும் முன் அன்றைக்குப் போகாமல் இருந்த ஒன்றைப் பெயர் சொல்லி நினையுங்கள். பத்து வேண்டாம், ஒன்று போதும். நல்ல தண்ணீர், வலிக்காத பல், போன் பண்ணிய மகன், நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டு வந்த பஸ் டிரைவர், எதுவாகவும் இருக்கலாம். 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்பதைவிட 'இது இருக்கிறது' என்று ஒன்றைச் சொல்வது உண்மைக்கு நெருக்கமானது.

மூன்று: அந்த ஒன்றில் யாருடைய கை இருந்ததோ அவருக்கு மறுநாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனைவியாக இருக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கலாம். இரவு முழுக்க முழித்திருந்த செவிலியராக இருக்கலாம். ஜஸாக்கல்லாஹ் என்றோ, ரொம்ப நன்றிங்க என்றோ, அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்.

சூரா இப்ராஹீமில், நீங்கள் நன்றி செலுத்தினால் நான் அதிகப்படுத்துவேன் என்ற கருத்தில் அல்லாஹ் வாக்களிக்கிறான். எதை அதிகப்படுத்துவேன் என்று அங்கே குறிப்பிடவில்லை. பணமாக இருக்கலாம், மழையாக இருக்கலாம். தாங்கும் சக்தியாக இருக்கலாம். கதவைத் தட்டி, சாப்டீங்களா என்று கேட்கும் ஒரு மனிதராக இருக்கலாம். எதை, எப்போது என்பதை அவனிடம் விட்டுவிடுவோம். அவன் வாக்கு மாறாதவன்.

யா அல்லாஹ்! எங்கள் மகிழ்ச்சியிலும் உன்னைப் புகழ்பவர்களாக, எங்கள் கண்ணீரிலும் உன்னைப் புகழ்பவர்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் வலியை உன்னிடம் மறைக்காதவர்களாகவும், உன் அருளை மக்களிடம் மறைக்காதவர்களாகவும் ஆக்குவாயாக! கடனில் மூழ்கியவர்களின் கடனை அடைத்து வைப்பாயாக! பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! எங்கள் மண்ணுக்குப் பயனுள்ள மழையையும், எங்கள் ஊர்களுக்கு நோயில்லாத தண்ணீரையும் தந்தருள்வாயாக! எங்களுக்கு உபகாரம் செய்த அனைவருக்கும் நற்கூலி வழங்குவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.